கூரையின் மறுபக்கம்

மாலை நாலரை மணி. நவம்பர் மாதம். முனைக்குப் போகும் சாலை.

அந்தச் சாலையில் விளக்குக் கிடையாது. டல்சி வோக்கியின் வீடுதான் கடைசி. அதைத் தாண்டினால் முக்கால் மைல் சரளைக்கல். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் இடுப்பு உயரத்துக்கு மேல் வளரத் தெரியாத ஊசிமரங்கள். கோடியில் மரத்தால் கட்டிய கோவில். நாலரைக்கே இருட்டிவிடும். காற்று நின்றிருந்தால் இன்னும் மோசம். நம் கால்சத்தம் நமக்கு முன்னால் போய் யாருக்கோ சேதி சொல்வதுபோல் இருக்கும்.

கதவைச் சாத்துங்கள். அடுப்புக்குக் கிட்டே வாருங்கள். பேய்க் கதை என்றதும் வெள்ளை உடுப்புப் பெண், சங்கிலிச் சத்தம் என்று எதையாவது எதிர்பார்த்தால் அதற்கு ஆள் வேறு. செயின்ட் ஜான்ஸ் பட்டணத்தில் லாந்தரைத் தூக்கிக்கொண்டு ஒருத்தன் திரிகிறான். கோடையில் கப்பலில் வந்து இறங்கும் கூட்டத்துக்குத் தெருத்தெருவாய்க் கூட்டிப்போய்ச் சொல்வான். அவர்களும் "ஆ" என்று வாயைப் பிளந்துவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போவார்கள்.

இது அப்படியல்ல. மீன் ஆலையில் பதினாறு வருஷம் ஒரே மேஜையில் என்னோடு கத்தி பிடித்த ரோலண்டின் தாய்மாமனுக்கு நடந்தது. ரோலண்ட் இந்த வருஷம் நம்மோடு வேட்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் வாய் திறந்திருக்க மாட்டேன்.

தாய்மாமன் பெயர் கார்லண்ட் பட்ஜெல். தச்சன். கலியாணம் ஆகாதவன். நல்ல கை, கெட்ட வாய். உலகத்தில் அவன் மதித்தது இரண்டு பொருள்: காய்ந்த மரம், தீட்டிய உளி. மற்ற எல்லாவற்றின் மேலும் காறித் துப்புவான். அரசாங்கம், பேராயர், ரெயின்கோட் போட்ட டூரிஸ்ட், பேய் பிசாசு எல்லாம் அவனுக்கு ஒன்று.

அந்த நவம்பரில் அவன் அதிகமாகத் துப்பியது ஹார்கோர்ட் மேல்.

ஹார்கோர்ட் டொரொண்டோவிலிருந்து வந்தவர். பழைய கட்டடங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவராம். எங்கள் ஊர் பின்சன்ட் துறையில், அந்தக் கோவில் ஆராதனைக்கு வருகிறவர்கள் ஒன்பது பேராகக் குறைந்ததும், பேராயரின் ஆட்கள் காரில் வந்து, பீடத்தின் முன்னால் ஒரு தாளைப் படித்து, "இனி இது தேவாலயம் அல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நூற்று முப்பது வருஷம் கடவுள் குடியிருந்த வீட்டைக் காலிசெய்ய அவர்களுக்கு இருபது நிமிஷம் போதுமாக இருந்தது. தேநீர்கூடக் குடிக்கவில்லை. அதற்கப்புறம்தான் ஹார்கோர்ட் வந்தார். புது ரப்பர் பூட்ஸ், கழுத்தில் பட்டுத் துணி, கையில் அளவு நாடா. சேறு படாத பூட்ஸ் போட்டவனை நம்பாதே என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு.

கோவிலைப் பற்றி ஒரு வார்த்தை. 1884இல் பேராயர் இங்கிலாந்திலிருந்து ஒரு வரைபடம் அனுப்பினார். கல் கோவில். கூர்முனை ஜன்னல், உயர்ந்த கூரை, மணிக்கூண்டு. பின்சன்ட் துறையில் கல் இருந்தது, கல்தச்சன் இல்லை. படகு கட்டுகிறவன் ஒருத்தன் இருந்தான். அவனுக்குத் தெரிந்ததை அவன் கட்டினான். கூரையின் முகட்டில் முழு ஸ்ப்ரூஸ் மரம் ஒன்று, படகின் அடிமரத்தைப் போலவே. அதிலிருந்து இரு பக்கமும் இறங்கும் விலா மரங்கள், இருபத்து மூன்று ஜோடி. கூரையும் சுவரும் சேரும் மூலைகளில், வேரோடு தோண்டி எடுத்த வளைந்த மரங்கள். இரும்பு ஆணி கிடையாது, எல்லாம் மரஆணி. பலகை இடுக்குகளில் தார்க்கயிற்றை அடித்துத் திணித்திருந்தான். கூரைக்கு எதற்கடா அது என்று கேட்டதற்கு, "தண்ணி எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்னு யாருக்குத் தெரியும்" என்றானாம். உள்ளே நின்று நிமிர்ந்து பார்த்தால் கவிழ்ந்த படகுக்குள் நிற்பதுபோல் இருக்கும். அவன் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டான் என்று ஊரில் நூறு வருஷமாய்ச் சிரிக்கிறோம்.

ஹார்கோர்ட் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, மேலே பார்த்துக்கொண்டு, கண்கலங்க நின்றார்.

"என்ன ஒரு கற்பனை பாருங்க, மிஸ்டர் பட்ஜெல். தலைகீழான கப்பல். மனுஷ ஆத்மா இந்தக் கப்பல்ல ஏறித்தான் வானத்துக்குப் பயணம் போகுது."

"கப்பல் தலைகீழா இருந்தா அதுல எவனும் பயணம் போக மாட்டான், துரை," என்றான் கார்லண்ட். "செத்துருவான்."

ஹார்கோர்ட் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

இப்போது கார்லண்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் மற்றதைக் கேட்டுப் பயனில்லை.

அதற்கு இருபத்தாறு வருஷத்துக்கு முன், அதேபோல் ஒரு நவம்பர். கார்லண்டின் அக்காள் டல்சி, ரோலண்டின் அம்மா. அவள் புருஷன் செல்பி வோக்கி ஹெரிங் மீன்வலை தூக்கத் தனியாகப் போனான். முப்பத்தைந்து அடி மரப்படகு. மதியம் திரும்ப வேண்டியவன் வரவில்லை. தேடிப் போனவை ஐந்து படகுகள். அதில் ஒன்றில் கார்லண்டும் ஜோப் கிழவனும். ஜோப் நாற்பது வருஷம் இஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து காது செத்த ஆள்.

ஐந்து மணி சுமாருக்கு அவர்கள்தான் பார்த்தார்கள். படகு விளக்கின் வெளிச்சத்தில், கறுப்பாய் ஒரு முதுகு தண்ணீரில். கவிழ்ந்த படகு.

கவிழ்ந்த படகைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று நம் பக்கத்தில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். கிட்டே போய் அடிமரத்தில் மூன்று தட்டு. இருபது எண்ணும்வரை காத்திரு. மறுபடி மூன்று. உள்ளே அடைபட்ட காற்றில் யாராவது உயிரோடு இருந்தால் பதில் தட்டு வரும்.

கார்லண்ட் தட்டினான்.

பதில் வந்தது. மூன்று. பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அவன் உள்ளங்கைக்கு நேர் எதிரே.

அப்போது காற்று வடகிழக்குக்குத் திரும்பிக்கொண்டிருந்தது, புயலுக்கு அறிகுறி. படகை உடைக்க முடியாது. உடைத்தால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறி முங்கிவிடும். கயிறு கட்டி மெதுவாய் இழுக்க வேண்டும், நாலு மணி நேரம், இருட்டில். இல்லையென்றால் ரேடியோவில் மற்றவர்களைக் கூப்பிட்டுவிட்டு அவர்கள் வரும்வரை பக்கத்தில் நிற்க வேண்டும். ரேடியோ இருந்தது. வேலையும் செய்தது.

ஜோப் கிழவன் கையைக் காதில் குவித்துக்கொண்டு கேட்டான். "ஏதாச்சும் கேட்டுச்சாடா?"

"ஒண்ணும் கேக்கல, சித்தப்பா."

அவ்வளவுதான். திரும்பிவிட்டார்கள். இரவெல்லாம் புயல். விடிந்து போய்ப் பார்த்தபோது படகும் இல்லை, ஆளும் இல்லை. கோவில் சுவரில் ஒரு பலகையில் பெயர் எழுதி மாட்டினார்கள். ஜோப் மறு வருஷமே செத்தான். ஆக, இதைத் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருத்தன்தான்.

பயம் என்று அவன் தன்னிடம்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. காற்று திரும்பியது என்றுதான் சொல்லிக்கொண்டான். பயந்தவனை நான் குறை சொல்ல மாட்டேன், கடலில் பயப்படாதவன் முட்டாள். ஆனால் இவன் பயந்துவிட்டு, அக்காள் அடுப்படிக்கு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "தட்டிப் பாத்தேன்க்கா. ஒண்ணும் கேக்கல" என்றான். அவள் அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள். அன்றிலிருந்து இருபத்தாறு வருஷம் அவள் மேஜையில் அவனுக்கு ஒரு நாற்காலி. ஞாயிறு என்றால் உப்புக்கறி, முட்டைக்கோஸ், பட்டாணிக் கூழ். சனிக்கிழமை என்றால் சூப். என் புருஷனைத் தேடிப் போன தம்பி என்று ஊரெல்லாம் சொல்வாள். அந்த நாற்காலி போய்விட்டால் கார்லண்டுக்கு உட்கார வேறு இடம் கிடையாது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். வாய் அவ்வளவு நீளமானதும் அதனால்தான் என்பது என் எண்ணம். எல்லாவற்றையும் ஏளனம் செய்கிறவனை யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்.

சரி. அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம்.

விலா மரங்களில் எது உளுத்தது, எது நல்லது என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். ஹார்கோர்ட் அவனுக்குக் கொடுத்த வேலை அதுதான். ஹார்கோர்ட் ஏதோ ஒரு மின்சாரக் கருவி கொண்டுவருவதாய்ச் சொன்னார்.

"கருவி எதுக்கு? கொட்டாப்புளி இருக்கு. காது இருக்கு," என்றான் கார்லண்ட்.

"மரத்தோட ஆன்மாவக் காதால கேக்கறீங்க," என்றார் ஹார்கோர்ட் உருகிப்போய்.

"ஆன்மாவெல்லாம் கேக்காது, துரை. புழு தின்னுருக்கா இல்லையான்னு கேக்கும்."

ஹார்கோர்ட் வெள்ளிக்கிழமையே ஊருக்குப் போய்விட்டார், குளிராம். கார்லண்ட் தனியாகச் சாரத்தில் ஏறினான். முப்பது அடி உயரம், முகட்டுக்குக் கீழே இரண்டு பலகை அகலம். பாட்டரி விளக்கை ஒரு குறுக்குமரத்தில் மாட்டினான். ஒவ்வொரு விலாவுக்கும் கொட்டாப்புளி மரச்சுத்தியால் மூன்று தட்டு. ஒன்று கைக்கு, ஒன்று காதுக்கு, ஒன்று சந்தேகத்துக்கு. அப்புறம் நிறுத்திக் கேட்பான். டங் என்றால் நல்ல மரம். தொப் என்றால் உளுத்தது. கேட்டுவிட்டுச் சுண்ணாம்புக் கட்டியால் குறி.

கவிழ்ந்த படகு. மூன்று தட்டு. நிறுத்திக் கேட்பது.

அவனுக்கு அது உறைக்கவில்லை. தச்சன் தச்சு வேலையைத்தான் நினைப்பான்.

எட்டு ஜோடி முடிந்தது. ஒன்பதாவதில், டொக்... டொக்... டொக். காதைச் சாய்த்தான்.

டொக். டொக். டொக்.

மேலிருந்து. பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"சனியன் பிடிச்ச பறவை," என்றான் சத்தமாக. கடல்பறவைகள் சிப்பியைத் தூக்கிவந்து கூரையில் போட்டு உடைக்கும். கோவில் முழுக்க அந்தச் சத்தம்தான், பாட்டு நடுவில்கூட. அடுத்த விலாவுக்கு நகர்ந்தான். தட்டினான்.

டொக். டொக். டொக். இந்த விலாவுக்கு நேர் மேலே.

உறைபனி விழும்போது மரம் சுருங்கி முறியும், வெடிக்கும். அதுவும் அவனுக்குத் தெரியும். ஆனால் மரம் எண்ணி வெடிக்காது.

பதினொன்றாவது விலாவில் வேண்டுமென்றே இரண்டு தட்டோடு நிறுத்தினான். கொட்டாப்புளியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு மூச்சை அடக்கினான்.

மேலே மூன்று.

அதற்கப்புறம் அவன் தட்டவே இல்லை. அது நிற்கவும் இல்லை. மூன்று தட்டு... இருபது எண்ணும் நேரம்... மூன்று தட்டு. அவசரம் இல்லை. கோபமும் இல்லை. பேய் என்றால் ஆத்திரமாய் வரும் என்று நினைக்கிறோம். இது அப்படியல்ல. பதில் கிடைத்துவிட்டது, ஆள் வந்துவிட்டான், இனிக் கவலையில்லை என்று நிம்மதியாய்த் தட்டுகிற தட்டு. எவ்வளவு நம்பிக்கை பாருங்கள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

வாசனை வேறு. முதலில் தார். அது கூரையின் சொந்த வாசனை, சரி. அப்புறம் டீசல். ஹெரிங் மீன். நனைந்த கம்பளி. அதற்கும் பின்னால் ஒன்று... மூடிய இடத்தில் ஒரே காற்றை ஒருத்தன் திரும்பத் திரும்ப மூச்சு விட்டால் அது பழசாகிவிடும், தெரியுமா? அந்த வாசனை.

ஓடியிருக்கலாம். ஏணி பக்கத்தில்தான் இருந்தது. சாரப் பலகையில் உட்கார்ந்து, இரு கையாலும் குறுக்குமரத்தைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணும் கேக்கல... ஒண்ணும் கேக்கல..." என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். பேயே கிடையாது என்று கடைத்தெருவில் மேஜையைக் குத்திச் சத்தியம் செய்த ஆள்.

ஆறு மணிக்கு டல்சி வந்தாள்.

சூப் ஆறிப்போகிறது, இவன் இன்னும் வரவில்லை என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு அந்தச் சாலையில் தனியாக நடந்து வந்தாள். அறுபத்து மூன்று வயது, மூட்டு வலி. பாதி வழியிலேயே அவளுக்குத் தட்டல் கேட்டுவிட்டது. தம்பி வேலையில் மும்முரமாய் இருக்கிறான் என்று நினைத்தாள். கிட்டே வந்ததும் சத்தம் உள்ளேயிருந்து வரவில்லை என்று பட்டது. டார்ச்சைத் தூக்கிக் கூரைமேல் அடித்துப் பார்த்தாள். கூரை முழுக்க உறைபனி, மாவு தெளித்ததுபோல் வெள்ளையாய். ஒரு பறவைக்கால் தடம்கூட இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தட்டியது. மூன்று.

உள்ளே வந்தாள். மேலே சாரத்தில் விளக்கு வெளிச்சத்தில் அவன் இரண்டு பூட்ஸ்களும் தொங்கின.

"டேய், கார்லண்ட். சூப்பு கட்டியாயிடுச்சு. அங்க ஏறி உக்காந்து என்னடா பண்றே?"

"வரேன்க்கா... வரேன்."

"கூரை மேல யாருடா?"

"எங்க?"

"அங்கதான். தட்டறாங்களே."

பறவை என்று சொல்லியிருக்கலாம். மரம் வெடிக்கிறது என்று சொல்லியிருக்கலாம். தகரம் ஆடுகிறது, ஹார்கோர்ட் ஏதோ கருவி வைத்துவிட்டுப் போனார், எதைச் சொல்லியிருந்தாலும் டல்சி நம்பியிருப்பாள். தம்பி சொன்னதை அவள் என்றைக்கு நம்பாமல் இருந்தாள்? ஆனால் இருபத்தாறு வருஷமாய் ஒரே பாட்டைப் பாடிய வாய். அது தானாகவே பாடிவிட்டது.

"ஒண்ணும் கேக்கலியே, அக்கா."

மேலே டொக். டொக். டொக். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். அதே தாழ்ந்த தொனி, கடைசியில் அதே இழுப்பு. அடுப்படியில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற குரல்.

"கேக்கலியா," என்றாள்.

"இல்லக்கா."

இருபது எண்ணும் நேரம். மறுபடி மூன்று. இந்தத் தடவை அவள் டார்ச்சை அவன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் அவன் கண் இமை துடித்தது.

"அன்னிக்கும் இதே மாதிரிதான் கேக்கலியாடா?"

அவன் குறுக்குமரத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான். வாய் திறந்தது, மூடியது. கடலையே மிரட்டுகிற வாய்.

"எத்தனை தடவ தட்டினாரு?"

"அக்கா... காத்து திரும்பிடுச்சுக்கா. ஜோப் சித்தப்பாகூட..."

"காத்தப் பத்தி நான் கேக்கல. எத்தனை தடவ?"

"எண்ணல."

"சரி," என்றாள் டல்சி. "நான் எண்றேன்."

இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சு வோக்கி குடும்பத்தோடது. அதன் குறுக்கே ஹார்கோர்ட் ஒரு சிவப்புக் கயிறு கட்டி, பழமையான பொருள், உட்காராதீர் என்று அட்டை மாட்டியிருந்தார். அவள் கலியாணத்தன்று உட்கார்ந்த பெஞ்சு. கயிற்றைக் கழற்றித் தரையில் போட்டாள். உட்கார்ந்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். டார்ச்சை அணைத்தாள்.

"நீ இறங்க வேணாம்," என்றாள் மேலே பார்க்காமல். "அங்கேயே இரு. உனக்குத்தான் கிட்டக் கேக்கும்."

அவன் இறங்கவில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். ஏணி இருந்தது, கதவு திறந்திருந்தது, யாரும் பிடித்துக் கட்டிவைக்கவில்லை. அக்காள் சொன்னாள், உட்கார்ந்தான்.

அப்புறம் இருவரும் கேட்டார்கள்.

ஏழு மணிவரை மூன்று மூன்றாகத்தான் வந்தது, ஒழுங்காக, காத்திருந்து காத்திருந்து. இடைவிடாமல் வந்த தட்டெல்லாம் சேர்ந்து அவள் கணக்கில் ஒரு தடவை. ஏழுக்கு மேல் ஒழுங்கு கெட்டது. வேகம் பிடித்தது. பத்து, பதினைந்து என்று ஒரே அடியாய், ஓட்டமாய். முகட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை. பீடத்துக்கு மேலே கொஞ்சம், வாசலுக்கு மேலே கொஞ்சம், வழி தேடுவதுபோல். தார்க்கயிறு திணித்த இடுக்குகளிலிருந்து தூசி உதிர்ந்து கார்லண்டின் தலையில் விழுந்தது. அவன் காதைப் பொத்திக்கொண்டான்.

"கையை எடு," என்றாள் கீழே இருட்டிலிருந்து. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

ஒன்பதுக்கு மேல் மறுபடி மெதுவாயிற்று. பாட்டரி விளக்கு மஞ்சளாகி, சிவப்பாகி, அணைந்தது. அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. இருநூற்று நாற்பது. இருநூற்று நாற்பத்தொன்று. முந்நூறைத் தாண்டியபோது இரண்டு தட்டுகளுக்கு நடுவில் ஒரு ஜெபம் முழுக்கச் சொல்லி முடிக்கலாம்போல் இருந்தது. அவள் ஜெபம் சொல்லவில்லை. எண்ணிக்கை தப்பிவிடும்.

நடுவில் ஒருதரம் கார்லண்ட் அழுதான். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டதும், "சத்தம் போடாதே," என்றாள். "ஒண்ணு விட்டுப்போயிடும்."

நள்ளிரவுக்கு மேல் தட்டு மிருதுவாகிவிட்டது. மரத்தில் கை படுகிறது, எடுக்கிறது, அவ்வளவுதான். அவள் மூச்சை நிறுத்தி நிறுத்திக் கேட்க வேண்டியிருந்தது. கார்லண்டுக்கு அந்தச் சிரமம் இல்லை. அவன் தலைக்கு ஒரு சாண் மேலேதான் பலகை.

இரண்டரைக்கு நின்றது.

வெளியே அலை கல்லில் உரசுகிற சத்தம். வேறு ஒன்றுமில்லை. கால் மணி. அரை மணி. குளிரில் அவள் பல் அடித்துக்கொண்டது. நானூற்றுப் பதினேழு.

"முடிஞ்சிருச்சுக்கா," என்றான் மேலிருந்து. "வாக்கா, வீட்டுக்குப் போவலாம்."

"இரு."

"விட்ருச்சுக்கா. இனிமே வராது."

"இருடா. அவரப் பத்தி உனக்குத் தெரியாது."

இன்னும் அரை மணிக்கு மேல் இருந்தார்கள், இருட்டில், அவள் கீழே, அவன் மேலே.

அப்புறம் ஒன்று வந்தது. ஒன்றே ஒன்று. மெதுவாக, கனமாக. அது கை இல்லை என்று அவள் பிறகு ரோலண்டிடம் சொன்னாள். கையில் தட்டினால் எலும்புச் சத்தம் இருக்கும். இது நெற்றி. களைத்துப்போன ஒருத்தன் நெற்றியைச் சுவரில் சாய்க்கிற சத்தம்.

டல்சி டார்ச்சைப் போட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நானூத்திப் பதினெட்டு," என்றாள். "மூணு நாப்பது."

எழுந்தாள். மூட்டைப் பிடித்துக்கொண்டு, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வாசல்வரை நடந்தாள். அங்கே நின்றாள். கோபமாகப் பேசவில்லை. காய்கறி விலை சொல்வதுபோல் சொன்னாள் என்றுதான் கார்லண்ட் கடைசிவரை புலம்பினானாம்.

"அன்னிக்கு ராத்திரி நீ நனைஞ்சு வந்தே. அவரோட கம்பளிச் சட்டைய எடுத்து உனக்குப் போட்டு விட்டேன். அடுப்படிக் கட்டில்ல படுத்துக் குறட்டை விட்டே. நான் முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். சுவர்க் கடிகாரம் டிக் டிக்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. பாவம், பையன் களைச்சுப்போய்த் தூங்கறான், அந்தச் சத்தத்துல முழிச்சுக்கப் போறான்னு... எழுந்துபோய் அத நிறுத்தினேன். காலைல திரும்ப ஓட விடும்போது முள்ளப் பாத்தேன்."

டார்ச்சை அணைத்தாள்.

"மூணு நாப்பது."